மனு நிலுவையில் கிடக்கும்போது: முடிவெடுக்காத அரசு அலுவலகத்தைச் சட்டத்தின் வழியே முடிவெடுக்க வைப்பது எப்படி

அரசு அலுவலகம் ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தால் எங்கே போவது என்பது பெரும்பாலானோருக்கு ஓரளவு தெரியும். மேல்முறையீடு உண்டு, சீராய்வு உண்டு, நீதிமன்றம் உண்டு. ஆனால் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, "கோப்பு மேலே போயிருக்கிறது", "சார் இன்று கேம்ப்", "அடுத்த வாரம் வந்து பாருங்கள்" என்று மாதங்கள் ஓடும்போது, எதிர்ப்பதற்குக் கையில் ஓர் உத்தரவுகூட இருப்பதில்லை. மேல்முறையீட்டு மனுவில் எந்த உத்தரவை எதிர்த்து, அதன் எண் என்ன, தேதி என்ன என்று குறிப்பிட வேண்டிய ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் நிற்பவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

இது இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் அடிப்படையாகக் கொண்டது. விளக்கம் அந்தரத்தில் தொங்காமல் இருக்க, ஒரே ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் பின்தொடர்வோம். ஒருவர் ஒரு சர்வே எண்ணில் ஒரு பகுதியைக் கிரயம் வாங்குகிறார், உட்பிரிவு செய்து தம் பெயருக்குப் பட்டா மாற்றித் தருமாறு விண்ணப்பிக்கிறார், கட்டணமும் செலுத்திவிட்டார், நில அளவர் அளக்க வரவில்லை, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து எந்தப் பதிலும் இல்லை. சாதிச் சான்றிதழ், கட்டட அனுமதி, ஓய்வூதியம், உரிமம் என எதுவாக இருந்தாலும் வழி ஏறக்குறைய ஒன்றேதான்.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தாமதத்தை எதிர்த்துத் தொடுக்கும் வழக்கில் நீதிமன்றம் பட்டாவைத் தராது. வட்டாட்சியர் இத்தனை நாளுக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்ற உத்தரவைத்தான் தரும். அந்த முடிவு உங்களுக்குப் பாதகமாகவும் அமையலாம். சட்டம் உறுதியளிப்பது ஒரு முடிவைப் பெறும் உரிமையை. நீங்கள் விரும்பும் முடிவை அன்று. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் வழக்குப் போட்டு, வென்ற பிறகும் ஏமாந்ததாக உணர்பவர்கள் ஏராளம்.

முதல் படி: முடிவெடுக்கும் கடமை யாருடையது என்று கண்டுபிடித்தல்

கலெக்டர் அலுவலகம், அமைச்சர் அலுவலகம், தலைமைச் செயலகம் என்று ஒரே மனுவைப் பத்து இடங்களுக்கு அனுப்புவது நம்மிடையே வேரூன்றிவிட்ட பழக்கம். சட்டத்தின் கண்ணில் இதனால் பயன் குறைவு. சில சமயம் கேடும் உண்டு. பத்து அலுவலகங்களும் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்று ஒரே மேசைக்குத் திருப்பி அனுப்பும்; அந்த மேசைக்காரர் எந்தத் தேதியிலிருந்து தாமதம் செய்தார் என்று நிறுவுவதுதான் கடினமாகிப்போகும்.

ஆகவே, முடிவெடுக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு யாருக்கு அளித்துள்ளது என்பதை முதலில் தேட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம் அந்த அதிகாரத்தை வட்டாட்சியருக்குத் தருகிறது. அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு வருவாய்க் கோட்டாட்சியரிடமும், 13-ஆவது பிரிவின்கீழ் சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடமும் செல்லும். இந்த ஏணியைக் குறித்து வைத்துக்கொண்டால், பின்னால் யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது என்ற குழப்பம் வராது.

சட்டப் பிரிவு எதுவும் கிடைக்கவில்லை என்றால் அரசாணை, விதி, துறையின் குடிமக்கள் சாசனம் ஆகியவற்றில் தேட வேண்டும். சட்டப்படியான கடமை எதையும் சுட்டிக்காட்டாமல், "என் மனுவைப் பரிசீலிக்கச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டு வந்த வழக்குகளை நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்ததுண்டு. தெருவுக்கு விளக்கு வேண்டும், ஊருக்குப் பேருந்து வேண்டும் என்பன போன்ற கொள்கை சார்ந்த கோரிக்கைகளுக்கும், சட்டம் குறிப்பிட்ட ஒருவருக்குக் குறிப்பிட்ட ஓர் உரிமையைத் தந்திருக்கும் விண்ணப்பங்களுக்கும் இடையே உள்ள கோடு இங்கேதான் விழுகிறது.

இரண்டாம் படி: குறையில்லாத மனுவும் மறுக்க முடியாத ஒப்புகையும்

தாமதக் கடிகாரம் முழுமையான விண்ணப்பம் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. வில்லங்கச் சான்றின் ஒரு பக்கம் விடுபட்டிருந்தால், நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சொல்லும் முதல் பதில் "மனு முழுமையாக இல்லை" என்பதாகவே இருக்கும். எனவே இணைப்புகளை எண்ணிட்டுப் பட்டியலிட்டு, மனுவின் கடைசியில் "இணைப்பு: 1 முதல் 7 வரை" என்று எழுதுங்கள்.

நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் உங்கள் நகலின் முதல் பக்கத்தில் முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தேதி மங்கலாக, சுருக்கொப்பம் இல்லாமல், வரிசை எண் எழுதப்படாமல் இருந்தால் அது பாதி ஒப்புகைதான். தேதி, சுருக்கொப்பம், பதிவு எண் மூன்றும் இருப்பதே முழு ஒப்புகை. வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம்; பெற்றதற்கான சான்று கிடைக்கும் வகையில் அன்றே தபாலில் அனுப்பிவிட்டு, தபால் ரசீதையும் சேர்ப்பிக்கப்பட்டதைக் காட்டும் இணையப் பக்கத்தின் அச்சுப் பிரதியையும் சேர்த்துப் பின் செய்து வையுங்கள். இணையவழி விண்ணப்பம் என்றால் விண்ணப்ப எண் கொண்ட ஒப்புகைச் சீட்டோடு நிறுத்தாமல், நிலையைக் காட்டும் பக்கத்தையும் மாதம் ஒருமுறை அச்செடுத்து வையுங்கள். அந்தப் பக்கம் பின்னால் மாறலாம்.

மூன்றாம் படி: காலக்கெடு எது, மௌனத்துக்குச் சட்டம் தரும் பொருள் எது

இது பலரும் தாண்டிப்போய்விடும் படி. என் கணிப்பில் மிக முக்கியமான படியும் இதுவே. அதிகாரி பேசாமல் இருந்தால் அதற்குச் சட்டம் மூன்று விதமாகப் பொருள் கொள்கிறது.

முதல் வகையில் மௌனம் சம்மதம். குறித்த நாளுக்குள் முடிவு இல்லையென்றால் அனுமதி கிடைத்துவிட்டதாகவே சட்டம் கொள்கிறது. சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு: விதிகளில் குறித்த நாள்களுக்குள், சாதாரண நேர்வுகளில் ஏழு வேலை நாள்களுக்குள், அதிகாரி நடவடிக்கை எடுக்காவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர அனுமதி கோரும் கடிதத்துக்கு 120 நாள்களுக்குள் முடிவு இல்லையெனில், அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமாகிய 2023-ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் விண்ணப்பம் இந்த வகையில் வந்தால் முடிவெடுக்கச் சொல்லி வழக்குப் போடுவது வீண். அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்ற நிலையில் நின்று அடுத்த காரியத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகையில் மௌனம் மறுப்பு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாள்கள் பதில் வராவிட்டால் தகவல் மறுக்கப்பட்டதாகவே பொருள். இங்கே எதிர்ப்பதற்கு ஓர் உத்தரவு கற்பனையாக உருவாகிவிடுகிறது. நேராக மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மேல்முறையீட்டுக்கான கெடுவும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும் என்பதை மறக்கலாகாது. பதில் வரட்டும் என்று காத்திருப்பவர் தம் உரிமையைத் தாமே இழக்கிறார்.

மூன்றாவது வகையில்தான் நம்மில் பெரும்பாலோர் சிக்குகிறோம். மௌனத்துக்குச் சட்டம் எந்தப் பொருளும் தருவதில்லை; மௌனம் வெறும் மௌனமாகவே கிடக்கும். பட்டா விண்ணப்பம் இந்த வகை. இங்கே நியாயமான காலம் எது என்பதே கேள்வி. தமிழ்நாட்டில் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணைகள், பொதுமக்களின் மனுக்களுக்கு மூன்று நாள்களுக்குள் ஒப்புகை தரப்பட வேண்டும் என்றும் ஒரு மாதத்துக்குள் தீர்வு காணப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. தீர்வு காணக் கூடுதல் காலம் ஆகும் என்றால் அதையும் மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தில் தனிக் கெடு இல்லாதபோது இந்த ஒரு மாதத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டு வாதிடலாம்.

நான்காம் படி: கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று எழுத்தில் பெறுதல்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பலர் கோபத்தைக் கொட்டும் இடமாகப் பயன்படுத்துகிறார்கள். "என் மனுமீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, காரணம் கேட்பது தகவல் கேட்பது ஆகாது. அலுவலகத்தில் ஏற்கெனவே ஆவணமாக உள்ளதை மட்டுமே அந்தச் சட்டத்தின்கீழ் பெற முடியும். ஆகவே ஆவணத்தைக் கேளுங்கள். என் அனுபவத்தில் கீழ்க்கண்ட கேள்விகள் போதும்:

1. இன்ன எண், இன்ன தேதியிட்ட என் விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்தெந்தப் பதவியில் உள்ள அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும் தன்பதிவேட்டுப் (அலுவலர் தம்மிடம் வரும் தாள்களைப் பதியும் ஏடு) பக்கத்தின் அல்லது மின்கோப்பு நகர்வின் நகல்.
2. அந்தக் கோப்பின் நடப்புப் பகுதி (கடிதங்களும் மனுக்களும்), குறிப்புப் பகுதி (அலுவலர்கள் எழுதிய குறிப்புகள்) இரண்டின் நகல்.
3. இவ்வகை விண்ணப்பத்தை முடிக்கக் காலவரம்பு விதிக்கும் விதி, அரசாணை, சுற்றறிக்கையின் நகல்.
4. என் விண்ணப்பத்துக்குப் பிறகு அதே அலுவலகத்தில் பெறப்பட்டு, இதுவரை முடிக்கப்பட்ட இதே வகை விண்ணப்பங்களின் எண், பெற்ற தேதி, முடித்த தேதி அடங்கிய பட்டியல்.

நான்காவது கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் வந்த முப்பது பேருக்குப் பட்டா மாறியிருந்தால், "பணிச்சுமை" என்ற வழக்கமான பதில் அங்கேயே உதிர்ந்துவிடும். அரசமைப்பின் 14-ஆவது உறுப்பு தரும் சமத்துவ வாதமும் உங்கள் கைக்கு வந்துவிடும். பலமுறை வழக்குக்கே வேலை இருப்பதில்லை. இந்தப் பட்டியலைத் தயாரிக்க உட்காரும் உதவியாளர், அதைவிட உங்கள் கோப்பை முடித்துவிடுவது எளிது என்று முடிவு செய்துவிடுவார்.

விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்ற வில்லையாக ஒட்டிவிடலாம். பதிலுக்கு 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானது என்றால் 48 மணி நேரம். கெடு தாண்டித் தரப்படும் தகவலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பதில் இல்லையேல் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதை 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிக்க வேண்டும். அதற்குப் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஒரு நுணுக்கம்: 18-ஆவது பிரிவின்கீழ் ஆணையத்திடம் புகார் மட்டும் கொடுத்தால் அபராதம் கிடைக்கலாமே தவிர, தகவலைத் தரச் சொல்லும் உத்தரவு கிடைக்காது, அதற்கு 19-ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடுதான் வழி என்று மணிப்பூர் மாநில வழக்கொன்றில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆணையத்தின் வரிசை நீளமானது. முதல் மேல்முறையீட்டின் கெடு முடிந்ததும், கிடைத்ததை வைத்துக்கொண்டு மூல விவகாரத்தில் முன்னே நகருங்கள்.

ஐந்தாம் படி: குறைதீர்வு மேடைகள்

மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாள், 1100 என்ற உதவி எண்ணில் இயங்கும் முதலமைச்சரின் உதவி மையம், மத்திய அரசுத் துறைகள் என்றால் சிபிகிராம்ஸ் இணையதளம் ஆகியவை உண்டு. சிபிகிராம்ஸில் பொதுவான தீர்வுக் காலம் 2024-இல் 21 நாள்களாகக் குறைக்கப்பட்டது; தீர்வு திருப்தி தராவிட்டால் அங்கேயே மேல்முறையீடும் செய்யலாம். இவற்றை ஒருமுறை, ஒரே ஒருமுறை, முயன்று பாருங்கள். நடந்தால் லாபம், நடக்காவிட்டால் மேலதிகாரியின் கவனத்துக்குக் கொண்டுசென்றும் பயனில்லை என்பதற்கு ஆவணம். "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது, மனு முடிக்கப்பட்டது" என்று வரும் குறுஞ்செய்தி உங்கள் விண்ணப்பத்தின் மீதான முடிவு அன்று. அதை முடிவு என்று எண்ணிச் சோர்ந்துவிட வேண்டாம்.

ஆறாம் படி: வழக்குக்கு முந்தைய கோரிக்கைக் கடிதம்

செயலுறுத்தும் நீதிப்பேராணை, அதாவது வழக்கறிஞர்கள் மாண்டமஸ் என்று சொல்லும் ஆணை, கிடைக்க வேண்டுமானால், மனுதாரர் உரிய அதிகாரியிடம் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். அவர் மறுத்திருக்க வேண்டும் அல்லது செய்யாமல் விட்டிருக்க வேண்டும். இது நீண்டகாலமாக நீதிமன்றங்கள் பின்பற்றிவரும் விதி. அந்தக் கேட்டலுக்கான சான்றே இந்தக் கடிதம். இதில் கெஞ்சலும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். ஒரு பக்கம் போதும்:

"மேற்படி எண்ணுள்ள என் விண்ணப்பம் தங்கள் அலுவலகத்தில் பெறப்பட்ட நாள் முதல் இதுவரை முடிவின்றி உள்ளது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின்கீழ் இதில் முடிவெடுக்கும் அதிகாரமும் கடமையும் தங்களுடையவை. விண்ணப்பத்தில் குறைபாடு எதுவும் இதுவரை எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள், ஏற்றோ மறுத்தோ, காரணங்களுடன் கூடிய எழுத்துபூர்வமான உத்தரவைப் பிறப்பிக்குமாறு கோருகிறேன். தவறும் பட்சத்தில் அரசமைப்பின் 226-ஆவது உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுக நேரிடும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

"ஏற்றோ மறுத்தோ" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். "உடனே பட்டா வழங்குக" என்று மட்டும் எழுதினால், நீதிபதி உங்கள் கோரிக்கையை உரிமைத் தகராறாகப் பார்க்கத் தொடங்குவார். முடிவை மட்டும் கேட்பவரை மறுப்பது கடினம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நினைவூட்டல் கடிதங்களை அடுக்கிக்கொண்டே போவதால் காலவரம்பு நீளாது. தமிழ்நாட்டின் புவியியல் மற்றும் சுரங்கத் துறை தொடர்பான வழக்கு ஒன்றில், 1982-இல் வேலை இழந்த ஒருவர் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மனுக் கொடுத்து, அதைப் பரிசீலிக்குமாறு ஓர் உத்தரவும் பெற்று, பரிசீலனையில் மறுக்கப்பட்டதும் அந்த மறுப்பை எதிர்த்து வழக்காடினார். செத்துப்போன உரிமைக்குப் புது மனு உயிர் கொடுக்காது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகக் கூறியது. பரிசீலிக்கச் சொல்லும் உத்தரவுகளை நீதிமன்றங்கள் எளிதாக வழங்குவதால் ஏற்படும் சிக்கலையும் அது சுட்டிக்காட்டியது. ஒரு விண்ணப்பம், ஒரு நினைவூட்டல், ஒரு கோரிக்கைக் கடிதம்; அதோடு எழுத்துப் பணியை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: தனி மன்றம் இருக்கிறதா என்று பார்த்தல்

உயர் நீதிமன்றப் படியேறும் முன், உங்கள் விவகாரத்துக்கென்றே சட்டம் வேறு கதவைத் திறந்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மத்திய அரசு ஊழியரின் பணி தொடர்பான மனு என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். 1985-ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் 20, 21-ஆவது பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால், மேல்முறையீட்டு மனு கொடுத்து ஆறு மாதம் முடிவு இல்லாவிட்டால் வழக்குத் தொடுக்கலாம். அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டுக்குள் தொடுத்தாக வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்கென இருந்த தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டுவிட்டதால், அவர்கள் உயர் நீதிமன்றத்துக்கே செல்கிறார்கள்.

மின் இணைப்பு தாமதமானால் 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் கை கொடுக்கும். அதன் 43-ஆவது பிரிவு, விண்ணப்பித்தவருக்கு ஒரு மாதத்துக்குள் மின்வழங்கல் தரப்பட வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்றும் சொல்கிறது. அதற்கு மின்நுகர்வோர் குறைதீர் மன்றமும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் உண்டு. வீட்டுவசதி வாரிய மனை ஒதுக்கீடு, ஒப்படைப்பு போன்றவற்றில் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பட்டா, சான்றிதழ் போன்ற சட்டப்படியான பணிகளுக்கு அங்கே போவது பொதுவாகப் பயன் தராது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்கள் சேவை உத்தரவாதச் சட்டங்களைக் கவனிக்க வேண்டும். 2010-இல் மத்தியப் பிரதேசம் தொடங்கிவைத்த இந்த வகைச் சட்டம் கர்நாடகத்தில் 2011-லும் கேரளத்தில் 2012-லும் வந்தது. ஒவ்வொரு சேவைக்கும் நாள் கணக்கு, பொறுப்பான அலுவலரின் பதவி, மேல்முறையீட்டு அலுவலர் ஆகியவை அறிவிக்கையிலேயே இருக்கும். கர்நாடகத்தில் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய், விண்ணப்பதாரருக்கே ஈட்டுத்தொகையாகத் தர வேண்டும். தொகை சிறிதுதான்; ஆனால் எந்த அலுவலர் எத்தனை நாள் பிந்தினார் என்று பதிவாவதை எவரும் விரும்புவதில்லை. தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இந்த வேலையை அரசாணைகளும் குடிமக்கள் சாசனங்களுமே செய்து வந்திருக்கின்றன.

உரிமையியல் நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக வழக்குத் தொடுப்பதும் ஒரு வழிதான். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்கீழ் இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும். அதன்பின் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். தாமதத்தை மட்டும் தீர்க்க இது ஏற்ற கருவி அன்று. நிலத்தின் உரிமையே தகராறில் இருந்தால் மட்டும் தவிர்க்க முடியாது.

எட்டாம் படி: உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு

நிராகரிப்பு உத்தரவை எதிர்க்க வரும்போது "மாற்று வழி இருக்கிறதே, மேல்முறையீடு செய்யலாமே" என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பக்கூடும். உத்தரவே இல்லாதபோது மேல்முறையீடு செய்ய இயலாது. எனவே மௌனத்துக்கு எதிரான மனுவில் அந்தத் தடை பெரும்பாலும் எழுவதில்லை. இதைப் பிரமாணப் பத்திரத்தில் ஒரு தனிப் பத்தியாகவே எழுதிவிட வேண்டும்.

மனு எங்கே தாக்கல் செய்யப்பட வேண்டும் என்பது அலுவலகம் இருக்கும் மாவட்டத்தைப் பொறுத்தது; தென் மாவட்டங்களுக்கும் திருச்சி, தஞ்சாவூர் போன்றவற்றுக்கும் 2004 முதல் மதுரைக் கிளை. எதிர்மனுதாரர்களைப் பெயரால் அன்றிப் பதவியால் குறிப்பிட வேண்டும்: மாவட்ட ஆட்சியர், வருவாய்க் கோட்டாட்சியர், வட்டாட்சியர் என்று. கெட்ட நோக்கத்தைக் குற்றச்சாட்டாக வைத்தால் மட்டுமே தனிமனிதரின் பெயர் தேவைப்படும். அதை நிரூபிக்கும் சுமை கனமானது, பெரும்பாலும் தேவையற்றதும்கூட. பட்டாவால் பாதிக்கப்படக்கூடிய பங்காளியோ பக்கத்து நிலத்துக்காரரோ இருந்தால், அவரையும் சேர்ப்பது நல்லது. மறைத்து உத்தரவு வாங்கினால், அவர் பின்னால் வந்து அதைக் கலைப்பார்.

பிரமாணப் பத்திரம் நீள வேண்டியதில்லை. தேதிவாரியான நிகழ்வுகள், கடமையை விதிக்கும் சட்டப் பிரிவு, கேட்டதும் கிடைக்காததும், தாமதத்தால் உங்களுக்கு நேரும் உண்மையான பாதிப்பு, வேறு பயனுள்ள வழியின்மை, இவை போதும். பாதிப்பு என்ற இடத்தில் பலர் "மிகுந்த மனஉளைச்சல்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். "பட்டா இல்லாததால் வங்கி கடன் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது" என்று எழுதி, வங்கியின் கடிதத்தையும் இணைப்பவரின் வழக்கு வேறு எடையில் நிற்கும்.

வேண்டுகோள் பத்தி ஏறக்குறைய இப்படி அமையும்: "மனுதாரரின் இன்ன தேதியிட்ட விண்ணப்பத்தைச் சட்டப்படியும் தகுதியின் அடிப்படையிலும் பரிசீலித்து, தொடர்புடைய அனைவருக்கும் வாய்ப்பளித்து, இந்நீதிமன்றம் நிர்ணயிக்கும் காலத்துக்குள் உத்தரவு பிறப்பிக்குமாறு மூன்றாம் எதிர்மனுதாரருக்கு ஆணையிட வேண்டும்." இத்தகைய மனுக்களில் அரசு வழக்கறிஞர் முதல் நாளிலேயே நோட்டீஸ் பெற்றுக்கொள்வதும், சேர்க்கை நிலையிலேயே, அதாவது மனுவை விசாரணைக்கு ஏற்பதா என்று பார்க்கும் முதல் கட்டத்திலேயே, நான்கு, எட்டு அல்லது பன்னிரண்டு வாரக் கெடுவுடன் உத்தரவு வருவதும் வழக்கம். "மனுவின் தகுதி குறித்து இந்நீதிமன்றம் கருத்து எதுவும் கூறவில்லை" என்ற வரி அதில் இருக்கும்; அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். அரிதான நேர்வுகளில், அதிகாரி செய்திருக்க வேண்டியதை நீதிமன்றமே செய்து முடிக்கலாம் என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுள்ளது. கல்லூரிச் சேர்க்கையின் கடைசி நாள் நெருங்குகிறது என்பது போன்ற அவசரம் இருந்தால் இடைக்கால உத்தரவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அதிகாரி அவசர அவசரமாக ஒரு மறுப்பு உத்தரவைப் பிறப்பித்துவிடுவதும் உண்டு. அப்போது பழைய வேண்டுகோள் பயனற்றுப் போகும். அந்த மறுப்பை எதிர்க்கும் வகையில் வேண்டுகோளைத் திருத்த அனுமதி கேட்பதா, வழக்கை முடித்துக்கொண்டு கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்வதா என்று உங்கள் வழக்கறிஞருடன் கலந்து முடிவு செய்யுங்கள். உண்மை விவரங்கள் தகராறில் இருந்தால் பின்னதே நல்லது.

செலவைப் பற்றிக் கவலைப்படுவோர் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவைப் பார்க்க வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கும் குறித்த வருமான வரம்புக்கு உட்பட்டோருக்கும் கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தேசிய உதவி எண் 15100.

ஒன்பதாம் படி: உத்தரவு கைக்கு வந்த பிறகு

வென்ற வழக்கு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். "இந்த உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து எட்டு வாரங்களுக்குள்" என்றுதான் தீர்ப்பு சொல்லும். நகல் தானாகப் போய்ச்சேரும் என்று நீங்கள் வீட்டில் இருந்தால் எட்டு வாரம் தொடங்கவே தொடங்காது. சான்றிட்ட நகலைப் பெற்று, மூல விண்ணப்பத்தின் பிரதி ஒன்றையும் இணைத்து, ஒரு முகப்புக் கடிதத்துடன் வட்டாட்சியர் அலுவலகத்தில் நேரிலும் தபாலிலும் சேர்ப்பித்து, பழையபடி தேதி, சுருக்கொப்பம், எண் மூன்றும் உள்ள முத்திரையை வாங்குங்கள். விசாரணைக்கு அழைத்தால் அசல் ஆவணங்களுடன் தவறாமல் செல்லுங்கள். மனுதாரர் வரவில்லை என்று கோப்பு மூடப்பட்டால் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டியிருக்கும்.

கெடு தாண்டியும் முடிவு இல்லையென்றால், ஒரு வாரம் பார்த்துவிட்டு வழக்கறிஞர் மூலம் அவமதிப்பு எச்சரிக்கை அறிவிப்பு அனுப்பலாம். பெரும்பாலான கோப்புகள் இந்த அறிவிப்போடு நகர்ந்துவிடும். நகராவிட்டால் 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின்கீழ் மனு. அவமதிப்பு நிகழ்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் தாக்கல் செய்யப்பட வேண்டும் என்கிறது 20-ஆவது பிரிவு; தண்டனை ஆறு மாதம் வரை வெறுங்காவல், 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அவமதிப்பு மனுவில் மட்டும் அதிகாரியைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். இடமாற்றலாகி வந்தவர், போனவர் யார் யார் என்ற விவரத்தைத் தேதியுடன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கெடுவுக்குள் பாதகமான முடிவு வந்துவிட்டால் அவமதிப்பு மனு போட முடியாது. முடிவு சரியோ தவறோ, அது புதிய வழக்குக் காரணம் என்பது 1996 முதல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவரும் நிலைப்பாடு. வட்டாட்சியர் உரிமைத் தகராறு இருப்பதாகக் கண்டு, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுமாறு கூறினால், அதுவும் ஒரு முடிவுதான். உத்தரவு கிடைத்த தேதியை உறையோடு பாதுகாத்து, கெடுவுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

பத்தாம் படி: நேர்ந்த இழப்பைக் கேட்டல்

தாமதத்துக்கான இழப்பீடு தானாக வருவதில்லை. கேட்டாலும் எளிதில் வருவதில்லை. பணம் தொடர்பான தாமதத்தில் வாய்ப்பு அதிகம். ஓய்வூதியமும் பணிக்கொடையும் அரசு அளிக்கும் கொடை அல்ல, அவை உரிமை என்றும், தாமதித்தால் வட்டியுடன் தர வேண்டும் என்றும் கேரள அரசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே ஓய்வூதிய வழக்கில் வட்டியை வேண்டுகோளிலேயே சேர்த்துவிடுங்கள். பொறுப்பற்ற தாமதத்துக்கு அரசுக் கருவூலத்திலிருந்து கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைக் காரணமான அலுவலரிடமிருந்தே வசூலிக்கலாம் என்ற கொள்கையை லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்தது. நம் பட்டா விண்ணப்பதாரர் போன்றவர்கள், வங்கிக் கடன் மறுக்கப்பட்ட கடிதம், கூடுதலாகக் கட்டிய வட்டியின் கணக்கு என எண்ணில் காட்டக்கூடிய இழப்பு இருந்தால் மட்டும் அதைத் தனியாகக் கோரலாம். முடிவு பெறுவதற்கான மனுவிலேயே இதையும் திணித்தால், முதல் நாளில் முடிந்திருக்க வேண்டிய மனு எதிருரைக்காக மாதக்கணக்கில் ஒத்திவைக்கப்படும்.